எலிக்குக் கொழுக்கட்டை படைத்த கோலப்பன்

கோலப்பனுக்கு அந்த வேலை கிடைத்தது மணியடிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியினால்தான். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். வேலை கொடுத்த பேராசிரியர் அழகியநம்பிக்கு வரவில்லை. அவர் அமெரிக்காவில் ஐந்து வருஷம் தங்கி, பயம் என்றால் என்ன என்று படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு திருவனந்தபுரத்துக்குத் திரும்பியவர். அரிசிக்கு ரேஷன் வரிசையில் நிற்கிற ஊரில் பயத்தைத் தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போவானேன் என்று சாலைக் கடைத்தெருவில் கேட்டவர்கள் உண்டு. ஆனால் ரேஷன் கடையில் பட்டம் கொடுப்பதில்லை.

"முன்னாலே என்ன வேலை பார்த்தாய்?" என்று கேட்டார் பேராசிரியர்.

"பூதப்பாண்டிப் பக்கம் ஒரு பிள்ளையார் கோயில்ல மணியடிச்சிட்டு, கொழுக்கட்டை அவிச்சிட்டுக் கெடந்தேன் சாரே."

"நேரம் தவறாமல் அடிப்பாயா?"

"சாமிக்கு நேரம் தவறினாலும் எனக்குத் தவறாது."

அவ்வளவுதான் பரீட்சை. தேறிவிட்டான்.

அது 1951. ஒரு தனியார் கல்லூரியின் பின்புறம் பழைய குதிரைலாயம் ஒன்று பூட்டிக் கிடந்தது. அதற்கு வெள்ளையடித்து 'மனோதத்துவ ஆராய்ச்சிச் சாலை' என்று பலகை மாட்டினார்கள். உள்ளே இருபத்துநாலு கூண்டு, கூண்டுக்கு ஒன்றாக இருபத்துநாலு வெள்ளை எலி. கண் சிவப்பு, வால் ரோஜா நிறம். நம்மூர் அரிசி மண்டியில் இல்லாத எலியா என்று கேட்கக் கூடாது. மண்டி எலி கறுப்பு. சொன்ன பேச்சுக் கேட்காது. ஆராய்ச்சிக்கு வெள்ளைதான் ஆகும்.

வேலை இதுதான். எலியைக் கம்பித்தரை போட்ட ஒரு பெட்டிக்குள் விட வேண்டும். கோலப்பன் மணியடிப்பான். மூன்று எண்ணுவதற்குள் பேராசிரியர் ஒரு பொத்தானை அமுக்குவார். கம்பியில் கரண்டு ஓடும். எலி துள்ளும், கீச்சிடும், சுவரில் ஏறப் பார்க்கும். பத்து நாள் இப்படி. பதினோராம் நாள் கரண்டு கிடையாது, வெறும் மணி. மணி கேட்டதும் எலி மூலையில் போய் ஒடுங்கும். உடம்பு விறைத்துவிடும். தின்னாது, குடிக்காது, புழுக்கை போடும். எத்தனை புழுக்கையோ அத்தனை பயம் என்பது அமெரிக்கக் கணக்கு. எண்ணிச் சொல்ல வேண்டியது கோலப்பன்.

"இண்ணைக்கு என்ன விசேஷம்?" என்று ராத்திரிச் சோறு போடும்போது மனைவி முத்தாரம்மாள் கேட்பாள்.

"ஏழாம் நம்பர் பதினொண்ணு. பதினாலாம் நம்பர் ஒம்பது."

"சோறு திங்கப்பட்ட நேரத்துல எலிப் புழுக்கைக் கணக்குச் சொல்லுத ஆம்பளை இந்த ஆரியசாலையிலே நீங்க ஒருத்தர்தான்."

"நீதானேட்டி கேட்டே?"

"கேட்டது எனக்கு வந்த கேடு."

பேராசிரியரின் திட்டம் எலியோடு நிற்பதாக இல்லை. எலியின் பயமும் மனிதனின் பயமும் ஒரே சரக்கு என்பது அவர் கட்சி. ஆராய்ச்சிச் சாலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பாலம் கட்டப் போகிறேன் என்று கூட்டம் போட்டுப் பேசினார். சாஸ்தமங்கலம் பக்கம் ஒரு தர்ம ஸ்தாபனம் ஐம்பது கட்டில் போட்டு மன ஆஸ்பத்திரி நடத்தி வந்தது. அதன் டாக்டர் சத்தியநேசன். பயந்தவர்கள், நடுங்கியவர்கள், கதவைத் தாழிட்டுக்கொண்டு வெளியே வராதவர்கள் எல்லாம் அவரிடம்தான் போனார்கள். இங்கே எலியைப் பயமுறுத்தி எழுதுகிறவர் ஒருவர், மூன்று மைலுக்கு அப்பால் பயந்த மனிதருக்கு மருந்து கொடுக்கிறவர் ஒருவர். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் உலகத்துக்கே நன்மை என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள்.

உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு தடவை. தேநீர் வந்தது. முதலில் யார் யாருடைய இடத்துக்கு வந்து பார்ப்பது என்று பேச்சு வந்தது.

"ஆராய்ச்சிதான் வேர். டாக்டர் இங்கே வருவதுதான் முறை" என்றார் பேராசிரியர்.

"எனக்கு ஐம்பது பேரு கெடக்கான். உம்ம எலிக்கு மாமியாரு உண்டா? மாப்பிள்ளை உண்டா? வாடகை வீடு உண்டா? பின்ன அதைப் பாத்து நான் என்னத்தைப் படிக்க?" என்றார் டாக்டர்.

தேநீர் ஆறிப்போனது. பாலம் அன்றைக்கே இடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் இடையில் மிச்சமிருந்தது கோலப்பனும் அவன் சைக்கிளும்தான். பேராசிரியர் நாலு பக்கம் எழுதிக் கொடுப்பார். டாக்டர் அதன் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். கடைசித் திட்ட அறிக்கையில் இதை 'இடையறாத ஒத்துழைப்பு' என்று பேராசிரியர் குறித்திருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில்தான் கோலப்பனின் தங்கை உலகம்மை வந்து விழுந்தாள். விழுந்தாள் என்பது சரியான சொல்தான்.

உலகம்மையை நாகர்கோவிலை ஒட்டிய வடசேரியில் கட்டிக் கொடுத்திருந்தது. புருஷன் திரவியம் அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தான். 1952 மே மாதம் அண்ணனைப் பார்க்க அவள் நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினாள். களியக்காவிளை தாண்டி ஒரு வளைவில் பசுமாடு குறுக்கே வந்தது. டிரைவர் ஹாரனை விடாமல் அமுக்கினான். மாடு நகரவில்லை. பஸ் வயலுக்குள் சாய்ந்தது. யாரும் சாகவில்லை. உலகம்மைக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சாய்ந்த வண்டியில் ஹாரன் மட்டும் மாட்டிக்கொண்டு, ஆட்களை எல்லாம் வெளியே இழுத்துப் போடுகிற வரைக்கும் நிற்காமல் அலறிக்கொண்டே கிடந்தது.

சிராய்ப்பு பத்து நாளில் ஆறியது. ஹாரன் ஆறவில்லை. ஆரியசாலைச் சந்துக்குள் பஸ் வராது. ஆனால் பெரிய ரோட்டில் எங்கேயோ ஒரு ஹாரன் கேட்டால் போதும், உலகம்மை கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவாள். வியர்த்துக் கொட்டும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். பஸ் வேண்டாம், மாட்டுவண்டியில் கொண்டு விடலாம் என்று ஒரு நாள் விடியலில் கிளம்பினார்கள். கரமனைப் பாலத்தில் பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து ஆரியசாலை வரைக்கும் ஓடி வந்துவிட்டாள். வண்டிக்காரன் மூட்டையைத் தனியே கொண்டு வந்து கொடுத்தான்.

ஆடி மாதம் திரவியத்திடமிருந்து கடிதம் வந்தது. சுருக்கமான கடிதம். தை பிறக்கும்போது உலகம்மை வீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அம்மை ஆரல்வாய்மொழியில் ஒரு பெண் பார்த்து வைத்திருக்கிறாள். தான் தடுக்கப் போவதில்லை. உங்கள் சௌக்கியத்துக்கு எழுதவும்.

"பஸ்ஸுக்குப் பயந்த பொண்டாட்டிய விட்டுட்டு வேற கெட்டுவானாம். எலிக்குப் பயந்தா என்ன செய்வானோ?" என்றாள் முத்தாரம்மாள்.

உலகம்மை சிரிக்கவில்லை. "எனக்கு அந்த வீட்டுக்குப் போணும் மைனி. அவரு கொஞ்சம் அம்மைப் பிள்ளை. ஆனா எனக்கு அவரு வேணும்."

கோலப்பன் முதலில் தங்கையை டாக்டரிடம் கூட்டிப் போனான், நடத்தியே. டாக்டர் நாடி பிடித்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், புரோமைடு கலவை கொடுத்தார். உலகம்மை இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் எழுந்தாள். எழுந்ததும் ஹாரன் கேட்டது. கட்டிலுக்கு அடியில் போனாள். போன வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது, நடை தள்ளாடியது.

"அப்படியானா அட்மிட் பண்ணு" என்றார் டாக்டர். "தலையிலே கரண்டு வச்சுப் பாப்போம். இப்பம் எல்லா இடத்திலேயும் அதுதான்."

"கரண்டா சாரே?"

"ஏன் வே, பேடியா? பயந்துட்டியா?"

"அதை நான் தினமும் பக்கத்துல நிண்ணு பாக்கேன் சாரே. அதுல பேடி போயி நான் கண்டதில்லை. வந்துதான் கண்டிருக்கேன்."

டாக்டருக்குக் கோபம் வந்தது. எலிக்காரனுக்கு வைத்தியம் தெரிந்துவிட்டதா என்றார். கோலப்பன் தங்கையை எழுப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்தது பேராசிரியர். ஒன்றரை வருஷமாகப் பயத்தை எண்ணிக்கொண்டிருக்கிற மனிதர். போக்க வழி தெரியாமலா இருக்கும்?

"சாரே, பேடியை உண்டாக்குகது தெரிஞ்சாச்சு. இனி அதைப் போக்குகது எப்படி?"

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது இரண்டாம் கட்டம், கோலப்பா. முதல் ஐந்து வருஷம் உற்பத்தி. ஒழிப்பு அதற்கு அப்புறம். அதுவும் ஆஸ்பத்திரிக்காரன் வேலை."

"ஆஸ்பத்திரிக்காரரு கரண்டு வைக்கணும்ங்காரே?"

"பார்த்தாயா, அந்த ஆளுக்கு விஞ்ஞான அடிப்படையே இல்லை" என்றார் பேராசிரியர். அவருக்கு அதில் ஒரு திருப்தி. பிறகு மணியடி என்றார். கோலப்பன் அடித்தான். அவர் பொத்தானை அமுக்கினார்.

அந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்தியும் ஓணமும் அடுத்தடுத்து வந்தன. கல்லூரிக்கு விடுமுறை. பேராசிரியர் சொந்த ஊரான திருக்குறுங்குடிக்குப் போய்விட்டார். எலிகளுக்குத் தீனி போடும் பொறுப்பு கோலப்பனிடம் வந்தது. சதுர்த்தி காலையில் லாயத்தின் கதவைத் திறந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். இத்தனை நாளாக அவன் கரண்டுக்கு நிறுத்தியது யாரை? பிள்ளையார் ஏறிப் போகிற வாகனத்தை. மணியை அடித்து, நைவேத்தியத்துக்குப் பதிலாக மின்சாரம். எந்தச் சாமி பொறுக்கும்? தங்கைக்கு இந்தக் கதி வந்தது ஏன் என்பதும் அந்த நிமிஷத்தில் அவனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. வேறு யாருக்கும் அப்படி விளங்கியிருக்காது. கோயிலில் மணியடித்த கைக்குத்தான் விளங்கும்.

நேரே வீட்டுக்குப் போய் அரிசி இடித்து, தேங்காய் துருவி, வெல்லம் போட்டு இருபத்துநாலு கொழுக்கட்டை அவித்தான்.

"ஆருக்கு இவ்வளவு?" என்றாள் முத்தாரம்மாள்.

"எலிக்கு."

 

கூண்டுக்கு ஒன்றாகக் கொழுக்கட்டை வைத்து, சூடம் கொளுத்தி, முறைப்படி மணியடித்தான். அவ்வளவுதான், இருபத்துநாலு எலியும் மூலையில் ஒடுங்கின. கொழுக்கட்டையை ஒன்றும் தொடவில்லை. படைத்தது தீண்டாமல் கிடந்தால் சாமி ஏற்கவில்லை என்று அர்த்தம். கோலப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. மணி இல்லாமல் படைக்கலாமா? அவன் பரம்பரையில் யாரும் மணி இல்லாமல் படைத்ததில்லை. எனவே மணியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். எதிரே மாமரம். அதன் அடியில் நின்று, கேட்டும் கேட்காத மாதிரி மெல்ல அடித்தான். ஓடி வந்து சாளரத்தில் எட்டிப் பார்த்தான். ஏழாம் நம்பர் மீசையை ஆட்டியது. மெல்ல வந்து மோந்தது. கடித்தது.

அடுத்த நாளும் அவித்தான். மாமரத்துக்கு நாலடி இப்பால் நின்று அடித்தான். அதற்கடுத்த நாள் படிக்கட்டு. எலி ஒடுங்கினால் ஓரடி பின்வாங்குவான். தின்றால் மறுநாள் ஓரடி முன்னே வைப்பான். இது ஆராய்ச்சி என்று அவனுக்குத் தெரியாது. பூசை தடைப்படாமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கவலை. திருவோணத்தன்று கூண்டுக்கு முன்னால் நின்று கணகணவென்று அடித்தான். இருபத்துநாலும் கம்பிக்கு முன்னால் ஓடி வந்து, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, எங்கே கொழுக்கட்டை என்று நின்றன. கோலப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

விடுமுறை முடிந்து பேராசிரியர் வந்தார். தனியாக வரவில்லை, ஆராய்ச்சிக்குப் பண உதவி செய்யும் கமிட்டியிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்தார். "இப்போது மணியோசை கேட்டதும் இந்தப் பிராணி எப்படி உறைந்துபோகிறது என்று பாருங்கள்" என்றார். கோலப்பன் மணியடித்தான். ஏழாம் நம்பர் பெட்டியின் நடுவே வந்து எழுந்து நின்று, கமிட்டிக்காரரைப் பார்த்துக் கையேந்தியது. புழுக்கை பூஜ்யம்.

"மறுபடி அடி."

அடித்தான். அது இன்னும் நெருங்கி வந்தது.

கமிட்டிக்காரர்கள் போன பிறகு விசாரணை நடந்தது. கோலப்பன் ஒளிக்கவில்லை. சூடம் உட்படச் சொன்னான்.

"கொழுக்கட்டையா!" என்று கத்தினார் பேராசிரியர். "ஒன்றரை வருஷப் பயம்! பாடுபட்டுச் சேர்த்த பயம்! பத்து நாளில் தின்னக் கொடுத்து அழித்துவிட்டாயே, பாவி!"

அவர் வாயாலேயே சொன்னார், பயம் அழிந்துவிட்டது என்று. ஆனால் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழவில்லை. எலிகள் கெட்டுப்போய்விட்டன என்று பதிவேட்டில் எழுதி, புது எலிக்கு ஆர்டர் போட்டு, கோலப்பனை மூன்று மாதம் வீட்டில் உட்காரச் சொன்னார். வேலையை விட்டு நீக்கவில்லை. புழுக்கை எண்ண வேறு ஆள் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

பேராசிரியர் காதில் விழாதது முத்தாரம்மாள் காதில் விழுந்தது.

"கேட்டேளா, எலிக்குப் பேடி போச்சுன்னு அந்த ஆளே சொன்னாரா?"

"சொன்னாரு. சொல்லித்தான் ஏசினாரு."

"அப்பம் எலிக்குப் போன பேடி உங்க தங்கச்சிக்குப் போகாதா? ரெண்டும் ஒரே சரக்குன்னுதானே அவரு கூட்டம் போட்டுப் பேசினாரு? கூட்டத்துல பேசினதை வீட்டுல செஞ்சு பாக்கப்பிடாதோ?"

 கோலப்பன் எழுந்து சாலைக் கடைத்தெருவுக்குப் போனான். பழைய இரும்புக் கடையில், ரப்பர்ப் பந்து வைத்த பித்தளை ஹாரன் ஒன்று கிடைத்தது. உலகம்மைக்குப் போளி என்றால் உயிர். தினமும் போளி போடுவது என்று முடிவாயிற்று. முத்தாரம்மாள் ஹாரனை முந்தானைக்குள் மறைத்துச் சந்து முனைக்குப் போய், கழுத்தை நெரித்த கோழி மாதிரி ஒரு சத்தம் எழுப்புவாள். அதே நேரம் கோலப்பன் தங்கை முன்னால் போளியை நீட்டுவான்.

மூன்று நாள் நடந்தது. நாலாம் நாள் உலகம்மை போளியைத் தள்ளி வைத்தாள்.

"அண்ணே, உள்ளதைச் சொல்லு. எலிக்குக் கொழுக்கட்டை, எனக்குப் போளியா?"

கோலப்பன் அவள் தள்ளிய போளியை எடுத்துத் தட்டில் வைத்தான்.

"நான் என்ன வெள்ளை எலியா? அதுகளுக்கு அடிக்கது ஆருன்னு தெரியாது. எனக்குத் தெரியும்லா. அங்ஙன மொனையில நிக்கது மைனி. இப்பம் அடிப்பாளோ, எப்பம் அடிப்பாளோன்னு காலம்பற இருந்து காத்துக் கெடக்கேன். போளி தொண்டைக்குள்ள எறங்குமா? அந்தச் சவத்தை இங்ஙன கொண்டா. அடிக்கதா இருந்தா நானே அடிக்கேன்."

ஹாரனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அமுக்கவில்லை. மறுநாளும் இல்லை. சும்மா மடியில் போட்டுக்கொண்டு அரிசி பொறுக்கினாள். மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலால் அழுத்தினாள். 'பூ' என்றது. உலகம்மை வெளுத்துப் போனாள். ஆனால் கட்டிலுக்கு அடியில் போகவில்லை. சற்றுப் பொறுத்து இன்னொரு 'பூ'. அந்த வாரம் முடிவதற்குள் முழுக்கையால் அமுக்கத் தொடங்கிவிட்டாள்.

"அடியம்மா, பைய அமுக்கு. பஸ்ஸு வருதுன்னு வடக்கு வீட்டுக்காரன் மாட்டை அவுத்துக் கெட்டுகான்" என்றாள் முத்தாரம்மாள்.

"நீங்க ஓடலையே மைனி?"

"நான் எங்க ஓட? அடுப்புல போளி கெடக்கு."

இதை ஆராய்ச்சிச் சாலையில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. எலியிடம் யாரும் மணியைக் கொடுத்துப் பார்த்ததில்லை. பயந்தவள் தன் கையால் அந்தச் சத்தத்தை எழுப்பினால் அது பாதிச் சத்தம்தான் என்பதை உலகம்மை தானே தெரிந்துகொண்டாள்.

ஐப்பசியில் பெரிய ரோட்டு ஓரம் வரை வந்தாள். கார்த்திகையில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பஸ்கள் வருவதையும் போவதையும் தூரத்தில் நின்று பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் நின்று பார்த்தாள். கண்டக்டர் ஒருவரிடம் கெஞ்சி, ஓடாமல் நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்து இறங்கினாள். ஒரு நாள் கரமனை வரைக்கும் போய் வந்தாள். மார்கழி முதல் வாரம் பாலராமபுரம் வரை டிக்கெட் எடுத்தார்கள். அங்கே எதிரே வந்த லாரி ஹாரன் அடித்தது. உலகம்மை அலறிக்கொண்டு எழுந்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். ஒன்பது மைலும் நடந்தே திரும்பினார்கள். அன்றைக்குப் பார்த்துத் திரவியத்தின் இரண்டாவது கடிதமும் வந்திருந்தது. தை ஒன்றாம் தேதி வரை பார்ப்பேன், அதற்கு மேல் அம்மை விடமாட்டாள்.

கோலப்பன் ஹாரனை எடுத்து மச்சில் போடப் போனான். "போதும் மக்ளே. ஒரு நடைக்கு நான் வடசேரி போயி அவன் காலைப் பிடிக்கேன்."

"அவரு காலைப் பிடிச்சு என்ன ஆகப்போகுது? பஸ்ஸு காலுலயா ஓடுது?" என்று உலகம்மை ஹாரனைப் பிடுங்கிக்கொண்டாள். "நாளைக்கும் பாலராமபுரத்துக்கு டிக்கெட் எடு."

மறுநாள் பாலராமபுரம். அதற்கடுத்த நாளும் அதுவே. மார்கழி இருபதில் நெய்யாற்றின்கரை போய் இட்லி தின்றுவிட்டு வந்தாள்.

கோலப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னான். டாக்டர் சத்தியநேசன் தலையை ஆட்டினார். "நான் சொல்லல்லையா? புரோமைடு பையத்தான் பிடிக்கும்" என்று சொல்லி, பழைய நோட்டை எடுத்து 'குணமானார்' என்று எழுதிக்கொண்டார். மருந்து குடித்தது இரண்டே நாள், அதுவும் ஆடியில் என்று சொல்லக் கோலப்பன் வாயைத் திறந்தான். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அங்கிருந்து பேராசிரியரிடம் போனான். முழுவதையும் கேட்டார். முகம் மாறியது, ஒரு நிமிஷம் உண்மையிலேயே ஏதோ பிடிபட்ட மாதிரி இருந்தது. பிறகு அதை அடக்கிக்கொண்டார்.

"ஒரே ஒரு ஆள். ஒரு ஆளை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. சரி, அளவு எடுத்தாயா? ஒவ்வொரு தடவையும் எண்ணினாயா?"

"என்னத்த சாரே எண்ணுகது? அவ மனுசியாக்கும்!"

பேராசிரியர் பேனாவை மூடிவைத்தார். 

தை பிறப்பதற்கு முந்தின நாள் காலை அண்ணனும் தங்கையும் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினார்கள். உலகம்மை முன் வரிசையில் ஜன்னலோரம். அவள் மூட்டை கட்டுகிற நேரத்தில் கோலப்பன் ஒரு காரியம் செய்திருந்தான். முன்னதாகவே தம்பானூருக்கு ஓடிவந்து, டிரைவர் கையைப் பிடித்து மன்றாடிவிட்டுப் போயிருந்தான்: நாகர்கோவில் எத்தும்வரைக்கும் ஹாரன் அடிக்கவே கூடாது, ஒரு குடும்பம் அதில் தொங்குகிறது. டிரைவர் நல்ல மனுஷன். ஒத்துக்கொண்டான்.

பஸ் ஊமையாகப் போனது. கரமனையில் ஒரு ஆட்டுக்கூட்டம். டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தி விரட்டினான். பாலராமபுரத்தில் ஒரு சைக்கிள்காரன் மயிரிழையில் தப்பினான். நெய்யாற்றின்கரை போயிற்று. பாறசாலை போயிற்று. உலகம்மை கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். உதடு உலர்ந்திருந்தது. கோலப்பன் அவள் முகத்தைப் பார்ப்பதும் டிரைவரைப் பார்ப்பதுமாக இருந்தான். களியக்காவிளை நெருங்கியது. அந்த வளைவும் வந்தது. எதிர்ப்பக்கம் என்ன வருகிறது என்று தெரியாத மொட்டை வளைவு. டிரைவர் கை ஹாரனுக்குப் போய், கோலப்பனைப் பார்த்துத் திரும்பி வந்தது. வேகத்தைக் குறைத்து, சத்தமில்லாமல் பூனை மாதிரி வளைக்கப் பார்த்தான்.

"டிரைவர் அண்ணாச்சி!" உலகம்மை போட்ட சத்தத்தில் பின்வரிசைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். "உமக்குக் கை இல்லையா? எதுக்க வாறவன் எப்படி அறிவான்? அடியும் வே ஹாரனை!"

"உங்க அண்ணன்தான் வேண்டாம்ன்னு..."

"அண்ணனா வண்டி ஓட்டுகான்? அடியும்!"

டிரைவர் அமுக்கினான், நீட்டி முழக்கி. உலகம்மை கண்ணை மூடிக்கொண்டாள். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்தன, நெற்றி வியர்த்தது. எதிரே ஒரு வைக்கோல் வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தது. பஸ் அதைத் தாண்டிப் போனது. உலகம்மை கண்ணைத் திறந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி ஒவ்வொரு வளைவுக்கும் அடிக்கணும், கேட்டேரா" என்றாள். அதற்குப் பிறகு டிரைவர், இத்தனை நேரம் அடிக்காததற்கும் சேர்த்து, தக்கலை வரைக்கும் கையை எடுக்கவே இல்லை.

நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் திரவியம் நின்றிருந்தான். வருவாள் என்று நம்பி நின்றானா, வரமாட்டாள் என்பதை ஊருக்குக் காட்ட நின்றானா என்று அவனைத்தான் கேட்க வேண்டும். உலகம்மை மூட்டையோடு தானாக இறங்கி அவன் முன்னால் போய் நின்றாள்.

"வந்துட்டியா?" என்றான் திரவியம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அம்மை காலம்பறயே ஆரல்வாய்மொழிக்கு ஆள் விட்டுட்டா."

"அதுக்கென்ன? அங்கயும் பஸ்ஸு போகும்லா. நீங்க பின்னால போயி அந்த ஆளைத் திருப்பி விளிச்சிட்டு வாருங்க. நான் வீட்டுக்குப் போயி அடுப்பு பத்த வைக்கேன்." இரண்டடி வைத்தவள் திரும்பினாள். "போகதுக்கு முன்ன எங்க அண்ணனைக் கொஞ்சம் பிடிச்சு எறக்கி விடுங்க. அந்த ஹாரன் சத்தத்துல களியக்காவிளையில இருந்தே கண்ணை மூடிக்கிட்டு இருக்கான்."